குழந்தை திறக்கக் கூடாது, தாத்தா திறக்கணும்: மருந்து மூடிக்கு ஏன் இத்தனை சோதனை?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த மருந்து பாட்டிலைத் தெரிந்திருக்கும். நம் ஊரில் மாத்திரை பெரும்பாலும் அட்டையில்தான் வருகிறது. அங்கே டாக்டர் சீட்டைக் காட்டினால், மாத்திரைகளை எண்ணி ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுத் தருவார்கள். சும்மா திருகினால் மூடி வராது. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகணும். சிறு குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஆனால், மருந்து அதிகம் சாப்பிடுவது வயதானவர்கள். மூட்டுவாதத்தால் விரல் மடங்காத கைக்கும் இதே மூடிதான். ஒரே மூடி குழந்தையைத் தடுக்கவும் வேண்டும், பாட்டிக்கு வழிவிடவும் வேண்டும். இது எப்படிச் சாத்தியம்?

*எங்கே தொடங்கியது?*

கனடாவின் விண்ட்சர் நகரில் குழந்தைகள் நல மருத்துவராக இருந்தவர் ஹென்றி பிரோ. விஷக் கட்டுப்பாட்டு மையத்தையும் அவரே கவனித்தார். மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து விழுங்கிய குழந்தைகள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தார்கள். பெற்றோருக்கு எவ்வளவு எடுத்துச் சொல்லியும் பலனில்லை. பீட்டர் ஹெட்ஜ்விக் என்ற தொழிலதிபருடன் சேர்ந்து, 1967-ல் அழுத்தித் திருகும் மூடியைக் கொண்டுவந்தார். அந்தப் பகுதியில் குழந்தைகள் தவறுதலாக மருந்து விழுங்குவது 91 சதவீதம் குறைந்ததாகப் பதிவாகியுள்ளது.

அமெரிக்காவில் 1970-ல் விஷத் தடுப்பு பேக்கேஜிங் சட்டம் வந்தது. ஆஸ்பிரின், டாக்டர் சீட்டுக்குத் தரும் மாத்திரைகள், சில வீட்டு ரசாயனங்கள் என ஒவ்வொன்றாக இதன் கீழ் வந்தன.

*குழந்தைகளை வைத்தே சோதனை*

ஒரு மூடி பாதுகாப்பானதா என்பதை முடிவு செய்வது குழந்தைகள்தான். 42 முதல் 51 மாத வயதுள்ள பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்து, பாட்டிலைக் கொடுத்துத் திறக்கச் சொல்வார்கள். 5 நிமிடம் அவகாசம். முடியவில்லை என்றால், எப்படித் திறப்பது என்று ஒருமுறை செய்துகாட்டுவார்கள். 'வேணும்னா பல்லாலும் கடிக்கலாம்' என்று சொல்லி இன்னொரு 5 நிமிடம் தருவார்கள்.

செய்துகாட்டுவதற்கு முன்பு குறைந்தது 85 சதவீதப் பிள்ளைகளுக்குத் திறக்க முடியாமல் இருக்கணும். செய்துகாட்டிய பிறகும் 80 சதவீதம் பேருக்குத் திறக்க வரக் கூடாது. அப்படியென்றால், தேர்ச்சி பெற்ற மூடியையும் ஐந்தில் ஒரு குழந்தை வரை திறந்துவிடலாம்! அதனால் இதைக் 'குழந்தையால் திறக்கவே முடியாத மூடி' என்று சொல்ல முடியாது. இது தாமதப்படுத்தும் மூடி, அவ்வளவுதான்.

*பெரியவர்கள் சோதனையில் இருந்த ஓட்டை*

பெரியவர்களுக்கும் சோதனை உண்டு. ஆனால் ஆரம்ப விதிப்படி அதில் கலந்துகொண்டவர்கள் 18 முதல் 45 வயதுக்காரர்கள்! கை நன்றாக வேலை செய்யும் வயது. அவர்கள் சுலபமாகத் திறந்தார்கள், மூடியும் தேர்ச்சி பெற்றது. வீட்டில் நடந்ததோ வேறு. திறக்க முடியாத முதியவர்கள் மூடியை அரைகுறையாக வைத்தார்கள், மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றினார்கள். பேரக்குழந்தை வரும் வீட்டில் இது எவ்வளவு ஆபத்து! சில வகை சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்றிரண்டு போனாலே சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1995-ல் விதியை மாற்றியது. இப்போது சோதிப்பவர்கள் 50 முதல் 70 வயதுள்ள 100 பேர். முதல்முறை 5 நிமிடத்துக்குள் திறக்கணும். மறுமுறை 1 நிமிடத்துக்குள் திறந்து, சரியாக மூடவும் வேண்டும். 90 சதவீதம் பேருக்கு இது முடிந்தால்தான் தேர்ச்சி.

*பலம் அல்ல, யுக்தி*

புதிய விதி வடிவமைப்பாளர்களின் யோசனையையே திருப்பிப் போட்டது. மூடியை இறுக்கிக்கொண்டே போனால் முதலில் தோற்பது குழந்தை அல்ல, பாட்டி. அதனால் பலத்தை நம்பாமல், பெரியவர்களுக்கு இருந்து குழந்தைகளுக்கு இல்லாத விஷயங்களைத் தேடினார்கள்.

*இரண்டு வேலை, ஒரே நேரத்தில்:* அழுத்தவும் வேண்டும், திருகவும் வேண்டும். சின்னக் குழந்தைக்கு இதைச் சேர்த்துச் செய்வது கஷ்டம். மூடி அகலமாக இருந்தால் விரல் நுனிக்குப் பதில் உள்ளங்கையே வேலையைப் பார்த்துவிடும்.

*கை அகலம்:* மூடியின் எதிரெதிர்ப் பக்கங்களைப் பிடித்து நசுக்கித் திருகும் வகை. பிஞ்சுக் கைக்கு இரண்டு பக்கமும் எட்டாது. ஆனால், நசுக்குவது மூட்டுவலிக்காரர்களுக்கும் சிரமம்.

*அம்புக்குறி:* மூடியிலும் பாட்டிலிலும் உள்ள குறிகளை நேராக்கி, மூடியை மேலே தள்ளணும். பலம் அதிகம் தேவையில்லை. ஆனால் பார்வை மங்கியவருக்குக் குறி தெரியணுமே!

*அட்டை:* மேல்தாளை உரித்த பிறகே மாத்திரையைத் தள்ள முடியும். உரிக்க நுனி சரியாக அமையாவிட்டால் விரலுக்குப் பெரிய தலைவலி.

*யார் விட்டுப்போகிறார்கள்?*

புதிய சோதனையிலும் ஒரு இடைவெளி இருக்கிறது. மூடியைத் திறக்க முடியாதவரிடம் இரண்டு சாதாரண மூடிகளைக் கொடுப்பார்கள். அவற்றையும் திறக்க முடியாவிட்டால், அவர் கணக்கில் சேர்க்கப்பட மாட்டார். ஆக, கை மிகவும் பாதிக்கப்பட்டவர்களும் 70 வயதைத் தாண்டியவர்களும் இந்த 90 சதவீதக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

அவர்களுக்காகச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. நோயாளி கேட்டால், மருந்துக்கடையில் சாதாரண மூடி போட்டுத் தரலாம். தலைகீழாகத் திருப்பி மாட்டினால் சாதாரண மூடியாகிவிடும் வகையும் உண்டு. வசதிதான். ஆனால் அந்த வீட்டுக்குப் பேரன் வரும் நாளில் அதைத் திரும்ப மாற்றி வைக்க யாருக்காவது ஞாபகம் இருக்கணும்.

*இத்தனைக்கும் பலன் உண்டா?*

உண்டு. 1996-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வின் கணக்குப்படி, டாக்டர் சீட்டுக்குத் தரும் மாத்திரைகளில் மட்டும், 1974 முதல் 1992 வரை சுமார் 460 குழந்தைகளின் மரணம் இந்த மூடிகளால் தவிர்க்கப்பட்டது. எதிர்பார்த்திருந்த மரணங்களில் இது 45 சதவீதம்.

இந்தப் பலன் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு முறையும் மூடியைச் சரியாக மூடணும். வயதானவரால் சுலபமாகத் திறந்து மூட முடிகிற மூடிதான் உண்மையில் மூடப்படும். அதனால் முதியவரின் வசதியும் குழந்தையின் பாதுகாப்பும் இங்கே ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. மூடி எதுவானாலும், மருந்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், கண்ணில் படாத இடத்தில் வைப்பதுதான் முதல் பாதுகாப்பு.