உண்ணிக் கடியும் உண்ணிக் காய்ச்சலும்

கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரங்களில் கால்நடை வளர்ப்போருக்கு உண்ணி புதியதன்று. மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டியிருக்கும் உண்ணி மனிதரையும் கடிக்கும். ஆயினும், தமிழ்நாட்டில் 'உண்ணிக் காய்ச்சல்' எனப்படும் ஸ்கிரப் டைபஸ் நோயைப் பரப்புவது அந்த உண்ணி அன்று. அதற்கு உறவான, கண்ணுக்கு எளிதில் புலப்படாத 'மைட்' என்னும் சிற்றுயிரின் இளம்பருவமே. எனவே, 'உண்ணி எதுவும் கடிக்கவில்லையே' என்று எண்ணிக் காய்ச்சலைப் புறக்கணித்தல் ஆகாது.

உண்ணி ஏறும் விதம்

உண்ணி பறப்பதில்லை, தாவுவதுமில்லை. புல் நுனியில் முன்னங்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிச் செல்பவரைப் பற்றிக்கொள்ளும். கடித்தாலும் பெரும்பாலும் வலி தெரியாது. பல நாள்கள் ஒட்டியிருக்கும். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோய், அதாவது குரங்குக் காய்ச்சல், உண்ணியால் பரவுவதே. காட்டில் குரங்கு இறந்து கிடந்தால் தொடாதீர்கள். சுகாதாரத் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள்.

உண்ணி ஒட்டியிருந்தால்

மண்ணெண்ணெய் ஊற்றுதல், தீக்குச்சியால் சுடுதல், விரலால் நசுக்குதல் கூடாது. நுனி கூரிய இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, திருகாமல், சீராக மேல்நோக்கி இழுத்து அகற்றுங்கள். பின்னர் கடிவாயையும் கைகளையும் சோப்பினால் கழுவுங்கள்.

காய்ச்சல் வந்தால்

மைட் கடித்த 6 முதல் 21 நாள்களுக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றலாம். சிலருக்குக் கடிவாயில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கரும்பொருக்கு காணப்படும். அது வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பகத்தின் அடிப்பகுதி ஆகிய மறைவிடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாமற் போகும். கூச்சம் தவிர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று கொள்ளலாகாது.

தொடக்கத்திலேயே டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாள்களில் காய்ச்சல் தணியும். அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் இந்நோய்க்குப் பயன்படா. ஆகவே, கடையில் தாமாக மருந்து வாங்கி உண்பது காலத்தை வீணாக்கும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது கூடுதல் பயன் தரும் என்பதை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

தடுக்கும் வழிகள்

• தோட்டம், மேய்ச்சல் நிலம், காட்டோரம் செல்கையில் முழுக்கை உடையும் காலணியும் அணிந்து, கால்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகுங்கள்.
• 'டீட்' கலந்த பூச்சி விரட்டியைக் குறிப்பின்படி பூசுங்கள்.
• புல்தரையில் நேரடியாக அமராதீர்கள். துணிகளைப் புதர்மீது உலர்த்தாதீர்கள்.
• திரும்பியதும் குளித்து, உடைகளை வெந்நீரில் துவையுங்கள். குழந்தைகளின் தலைமுடி, காதின் பின்புறம், அக்குள் ஆகியவற்றைப் பாருங்கள்.
• வீட்டருகே புதர்களை அகற்றி எலிகளைக் கட்டுப்படுத்துங்கள். மாடு, நாய்களுக்குக் கால்நடை மருத்துவரிடம் உண்ணி மருந்து பெறுங்கள்.

காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வருவோர், கடந்த மூன்று வாரங்களில் வயலுக்கோ காட்டுக்கோ சென்றிருந்தால் அதனை முதலிலேயே கூறுங்கள். நோயாளியால் பேச இயலாதபோது உடன் வருவோர் கூறுங்கள். அந்த ஒரு செய்தி, உரிய மருந்தை உரிய நேரத்தில் தொடங்க உதவும்.