முட்டைப் பந்தும் மூன்று ஆட்டங்களும்

பந்து எனின் உருண்டையாய் இருத்தல் வேண்டும் என்பது பொது வழக்கு. கிரிக்கெட்டும் ஹாக்கியும் டென்னிஸும் அவ்வழக்கிற்கு அடங்கி நடக்கின்றன. ஆயினும், முட்டை வடிவினதாய் இருமுனையும் கூம்பிய ஒரு பந்தை எடுத்து, அது தரையிற் பட்டால் எத்திசையிற் குதிக்கும் என்பதை உதைத்தவனும் அறியாவண்ணம் ஆடி மகிழும் மக்களும் உளர். அவருள் ஆஸ்திரேலியர் முதல் வரிசையினர். ஓர் ஆட்டம் போதாதென்று, அவ்வகைப் பந்தினைக் கொண்டே மூன்று ஆட்டங்களைப் பேணி வளர்த்து, அவற்றுள் எது உயர்ந்ததென ஒரு நூற்றாண்டிற்கு மேலாக அவர்கள் வழக்காடி வருகின்றனர்.

கடல் கடந்த இவ்வழக்கில் உனக்கு என்ன வேலை என்று விடுதித் தோழர் என்னை அடிக்கடி வினவுவதுண்டு. செப்டம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மெல்பர்ன் நகரத்து இறுதி ஆட்டத்தைக் காண யான் இலக்கணப் புத்தகத்தை மூடிவைப்பதைக் கண்டவர் அவர். பித்திற்குக் காரணம் கூறல் அரிது. ஆட்டத்தை விளக்குதல் எளிது. ஆகவே பின்னதையே ஈண்டு முயல்வேன்.

மூன்று ஆட்டங்களையும் பிரித்தறிய ஒரு வினா போதும். பந்தோடு ஓடுபவன் எதிரிகளாற் பிடிபட்டால் பின்பு யாது நிகழும்? சடுகுடுவில் பிடிபட்டவன் வெளியேறுவான். வழக்கு அத்துடன் தீர்ந்தது. இவ்வாட்டங்களோ அவ்வொரு வினாவிற்கு மூன்று வேறு விடைகள் தருகின்றன. அவ்விடைகளினின்றே ஒவ்வொன்றின் குணமும் பிறக்கின்றது.

முதலாவது, ரக்பி யூனியன். பக்கத்திற்குப் பதினைந்து பேர். பந்தை முன்னோக்கி எறிதல் கூடாது; பின்னோக்கியோ பக்கவாட்டிலோ எறிந்து, உடலால் முன்னேறுதல் வேண்டும். பிடிபட்டு வீழ்ந்தவன் பந்தை உடனே விட்டுவிட வேண்டும். அதன்மேல் இரு பக்கத்தாரும் குனிந்து நெருங்கித் தள்ளுவர். எவர் பக்கம் பந்து வெளிப்படுகின்றதோ அவர்க்கே அது உரியது. எதிரியின் எல்லைக்கோட்டிற்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ‘டிரை’. அதற்கு ஐந்து புள்ளி. இவ்வளவும் எளிதே. ஆனால் அக்குவியலில் எவன் எப்பக்கத்தினின்று நுழையலாம், எவன் கை வைக்கலாம் என்னும் விதிகள் நூற்பாக்களைப் போன்றவை; உரையாசிரியர் இன்றிப் பொருள் விளங்கா. நடுவரே உரையாசிரியர். சென்ற வாரத்து நடுவர் கண்ட உரையை இவ்வார நடுவர் மறுப்பதும் உண்டு. இவ்வாட்டத்தில் ஆஸ்திரேலியா 1991, 1999 ஆகிய ஆண்டுகளில் உலகக் கோப்பையை வென்றது. 2003-ல் தன் சொந்த நகரமாகிய சிட்னியில், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் இங்கிலாந்திடம் 20-க்கு 17 எனத் தோற்றது. 2023-ல் முதற்சுற்றையும் கடக்கவில்லை. அன்பர்கள் இதனை எனக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

இரண்டாவது, ரக்பி லீக். பக்கத்திற்குப் பதின்மூவர். இங்குப் பிடிபட்டவன் பந்தை இழப்பதில்லை; எழுந்து நின்று, காலால் அதனைப் பின்னே உருட்டிவிடுவான்; ஆட்டம் தொடரும். ஆனால் ஆறாம் முறை பிடிபட்டால் பந்து எதிரிகளைச் சேரும். ஆதலின் ஐந்து முறை முட்டி முன்னேறியபின், அடுத்துப் பந்தை உதைத்தனுப்புதலே பெரும்பாலும் வழக்கம். யூனியன் நூற்பா எனின், இஃது அறுசீர் விருத்தம். சீர் எண்ணத் தெரிந்தவன் எவனும் இதனைச் சுவைக்கலாம்.

மூன்றாவது, ஆஸ்திரேலியக் கால்பந்து. கிரிக்கெட் ஆட்டக்காரர் குளிர்காலத்தில் உடல் தளராதிருக்க ஒரு கால்பந்துக் கழகம் வேண்டும் என 1858-ல் டாம் வில்ஸ் என்பார் எழுதினார். 1859-ல் மெல்பர்னில் விதிகள் வரையப்பட்டன. கிரிக்கெட் திடலே இதற்குக் களம்; பக்கத்திற்குப் பதினெண்மர். பந்தைக் கையால் எறிதல் கூடாது. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறுகை முட்டியாற் குத்தி அனுப்பலாம். வாய்ப்பிருந்தும் அவ்வாறு செய்யாமற் பிடிபட்டவன் பந்தை எதிரிக்கு இழப்பான். ஒருவர் தோள்மேல் மற்றொருவர் முழங்காலூன்றி எழும்பி, வானில் வரும் பந்தைப் பற்றும் காட்சியை யாதொரு சர்க்கஸும் காட்டுவதற்கில்லை. கலிப்பாவிற்குரிய துள்ளலோசை இதுவே போலும்! ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவிரண்டின் இடையே உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறிப் பக்கத்து இடைவெளியிற் புகுந்தாலும் ஒரு புள்ளி. இத்தகைய கருணையைத் தேர்வுத்தாள் திருத்துவோரிடம் யான் கண்டதில்லை. 1970-ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்திற்கு 1,21,696 பேர் திரண்டனர் என்றால் அதன் செல்வாக்கை அறியலாம்.

கண்ணுக்கு விருந்து எதுவெனின், மூன்றாவதே என்பேன். ஆயினும் என் நெஞ்சு இரண்டாவதன்பாற் செல்கின்றது. அதன் பிறப்பை அறிந்தோர் என்னைப் பழியார்.

வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தோர், சனிக்கிழமை ஆட்டத்திற்காக வேலையை விட்டால் அன்றைய கூலியை இழந்தனர். அவ்விழப்பை ஈடுசெய்யக் கழகங்கள் விரும்பின. பொருள் பெறுதல் ஆட்டத்தின் தூய்மைக்கு இழுக்கென்று அதிகாரிகள் மறுத்தனர். பசியறியாதவர்க்குத் தூய்மை பேசுதல் எளிதன்றோ? 1895-ல் வடபுலத்துக் கழகங்கள் பிரிந்து தனியே சென்றன. அப்பிரிவே லீக். 1908-ல் அது சிட்னியில் வேரூன்றியது. அம்முதலாண்டின் வெற்றி தென் சிட்னிக் கழகத்திற்கே கிட்டியது. தொழிலாளர் நிறைந்த ரெட்ஃபெர்ன் பகுதியைச் சார்ந்த அக்கழகத்தார்க்கு, தெருவில் முயல் விற்றோரைக் குறிக்கும் சொல்லே பட்டப்பெயராயிற்று.

1970 இறுதி ஆட்டத்தில் அதன் தலைவர் ஜான் சாட்லர் தாடை எலும்பு முறிந்தும் களம் நீங்காமல் ஆடி வென்றார். அத்தகைய கழகத்தை 1999-ல் போட்டியினின்றே நீக்கிவிட்டனர். கழகங்கள் மிகுந்தன, பதினான்காகக் குறைத்தல் வேண்டும் என்பது காரணம். கணக்குப் புத்தகத்திற்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் சிட்னியின் வீதிகளில் பல்லாயிரவர் சிவப்பும் பச்சையும் அணிந்து ஊர்வலம் சென்றனர். ஈராண்டு அக்கழகத்திற்கு அப்போட்டியில் இடமில்லை. ஆயினும் அதனை நேசித்தோர் கலைந்துபோகவில்லை. வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2001-ல் தீர்ப்பு சாதகமாயிற்று. 2002-ல் கழகம் மீண்டது. 2003-ல் உயர்ந்த நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது உண்மையே. ஆயினும் மீண்டு வந்த கழகத்தை எவரும் பின்பு வெளியேற்றவில்லை.

மீண்டபின்பும் வெற்றி எளிதிற் கிட்டவில்லை. தோல்விமேல் தோல்வி வந்தது. 2014-ல் தான், நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், அது மறுபடியும் முதலிடம் பெற்றது. அன்று சாம் பர்ஜஸ் என்பார் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கன்னத்தெலும்பு முறிந்தும் இறுதிவரை ஆடினார். சாட்லரைக் கண்ட முதியோர் சிலர் அக்கூட்டத்தில் இருந்திருப்பர். அவர்தம் கண்கள் கலங்கியிருந்தால் அதில் வியப்பில்லை.

வென்ற கழகத்தை நேசித்தல் எவர்க்கும் இயலும். இடமே இல்லாத கழகத்திற்கு இரண்டாண்டு காத்திருத்தல் வேறு வகை அன்பு. களமும் கணக்கும் உரிமையாளர்க்கு உரியனவாகலாம். ஆட்டம் அங்ஙனம் காத்திருந்தோர்க்கே உரியது. எது உயர்ந்ததென ஆஸ்திரேலியர் இன்னும் ஒரு நூற்றாண்டு வழக்காடட்டும். தோழர் மறுமுறை வினவினால், யான் முயல் விற்றோர் பக்கம் என்று கூறிவிட்டு, மூடிய இலக்கணப் புத்தகத்தைத் திறப்பேன்.