காலியாக நிற்கும் இரண்டு எண்கள்

இந்த ஐப்பசி, கார்த்திகை முழுக்க எண்ணூர் பக்கத்து அத்திப்பட்டில் எங்கள் சின்ன எழுத்துக் கூட்டம் ஓயவே இல்லை. வாரம் ஒரு சவால். கற்பனையாக ஓர் ஊரை உண்டாக்க வேண்டும், அந்த ஊருக்குள் நடக்கிற கதையை எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள், துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள், ஒரு நர்ஸ், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் என்று கலவையான கூட்டம். மழை விட்டபிறகு எழுதியதை எல்லாம் எடுத்து வைத்துத் திரும்பப் படித்தேன். சில ஊர்கள் உயிரோடு இருந்தன, சில ஊர்கள் இரண்டாம் பக்கத்திலேயே மூச்சு விடாமல் கிடந்தன. ஏன் இந்த வித்தியாசம் என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். டீ ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம், அவசரம் இல்லை.

கடைசியாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் என்னிடம் கேட்டான். "உலகத்த உருவாக்கறதுன்னா மேப்பு போட்டு, ராஜாங்க பேரெல்லாம் எழுதி, புதுசா ஒரு பாஷை கண்டுபிடிக்கணுமாண்ணா?"

அப்படியும் செய்யலாம். டோல்கீன் அப்படித்தான் செய்தார். அவர் மொழி ஆய்வாளர், மொழிகளைப் படைத்துவிட்டு அவற்றைப் பேச மனிதர்களையும் நிலத்தையும் தேடினார். ஆனால் அது ஒற்றை மனிதர் தன் ஆயுளைக் கொடுத்துக் கட்டிய உலகம். பலர் கூடி ஓர் உலகத்தைக் கட்டி, அதற்குள் எல்லோரும் புழங்குவது வேறு வேலை. அந்த வேலையைத் தமிழ்ப் புலவர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள். பாட்டும் தொகையுமாக நமக்குக் கிடைத்திருப்பவை 2381 பாடல்கள், பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர். வேறு வேறு ஊர், வேறு வேறு தொழில், வேறு வேறு தலைமுறை. ஆனால் அகப்பாடல்களை வரிசையாகப் படித்தால் எல்லோரும் ஒரே நாட்டில் குடியிருந்து எழுதியது போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஐந்திணையை மனப்பாடப் பட்டியலாக நடத்தி முடித்துவிடுவதால் இந்த அதிசயம் நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

எப்படிச் சாத்தியமானது? தொல்காப்பியம் மூன்று அடுக்கு சொல்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தில் இருப்பவை: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். உரிப்பொருள் என்பது அந்த நிலத்துக்கு உரிய மன நிலை. நம்முடைய கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். நெய்தல் நிலம். பொழுது எற்பாடு, அதாவது வெயில் சாய்கிற நேரம். மரம் புன்னை, ஞாழல், கண்டல். ஆட்கள் பரதவர், நுளையர், அளவர். தொழில் மீன் பிடிப்பது, உப்பு விளைவிப்பது, அதை விற்பது. இவ்வளவுக்கும் அடியில் ஓடுகிற உணர்ச்சி இரங்கல். புன்னை என்று ஒரு புலவர் எழுதினால் போதும், கேட்கிறவர் மனதில் மணலும் உப்புக்காற்றும் காத்திருக்கும் ஒரு பெண்ணும் தாமாக வந்து நின்றுவிடுவார்கள். மூன்று அடியில் ஒரு பாட்டு முடிய முடிந்தது இதனால்தான். விவரிக்க வேண்டிய பாதியை முன்னோர்கள் ஏற்கெனவே வாசகர் மனதில் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு விதியும் உண்டு, அதுதான் எனக்கு ஆகப் பிடித்தது. அகப்பாடலில் யாருக்கும் சொந்தப் பெயர் சொல்லக் கூடாது. தலைவி, தலைவன், தோழி, செவிலி, பாணன், அவ்வளவுதான். பெயர் வந்துவிட்டால் அந்தப் பெண் ஒரு புலவருக்குச் சொந்தமாகிவிடுவாள். பெயர் இல்லாததால் அவள் எல்லோருக்கும் பொது. கபிலர் குறிஞ்சியில் விட்ட இடத்திலிருந்து அவளை வேறொருவர் முல்லைக்கு அழைத்துப் போகலாம், அனுமதி கேட்கத் தேவையில்லை. பெயர் சூட்டிய பாத்திரத்தோடும் இப்படி உறவாட முடியும்தான். கல்கியின் பொன்னியின் செல்வன் முடிந்த பிறகு விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதினார். ஆனால் அங்கே கல்கியின் நிழல் ஒவ்வொரு பக்கத்திலும் விழும். அகத்தின் தோழி மேல் யார் நிழலும் விழுவதில்லை.

இப்போது சவாலுக்கு வருவோம். மாதத்துக்கு ஐம்பதாயிரம் சொல் எழுத வேண்டும் என்ற நாநோரைமோ சவாலை நம் பிள்ளைகளில் சிலர் அறிந்திருந்தார்கள். 1999ல் சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் கிறிஸ் பாட்டி என்பவர் 21 பேரை வைத்து ஆரம்பித்தது, அடுத்த வருஷத்திலிருந்து நவம்பர் மாதத்துக்கு மாறி உலகம் முழுக்கப் பரவியது, அதை நடத்திய அமைப்பு 2025ல் மூடப்பட்டது. எழுதத் தயங்குகிறவனை உட்கார வைக்க அது நல்ல வழி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது அளவை மட்டும் கேட்கிற சவால்.

சங்கத் தொகை நூல்களில் ஒன்றான ஐங்குறுநூறு கேட்பது வேறு. மூன்று முதல் ஆறு அடிக்குள் ஒரு பாட்டு. திணைக்கு நூறாக ஐந்து திணைக்கு ஐந்நூறு. மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேர மன்னர். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்திருக்கிறது, பல பத்துகளுக்குள் தனிக் கட்டுப்பாடு வேறு இருக்கிறது. அம்மூவனாரின் நெய்தலைப் பாருங்கள். ஞாழற் பத்தில் பாட்டுக்குப் பாட்டு மணல்மேட்டு ஞாழல் மரம்தான் தொடக்கம். சிறுவெண்காக்கைப் பத்தில் கரையோரத்துச் சிறிய வெண்காக்கைதான் வாசல். தொண்டிப் பத்தில் ஒரு பாட்டு முடிகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தது எழும், அந்தாதி. வெள்ளாங்குருகுப் பத்தில் பத்தும் ஒரே காட்சியோடு ஆரம்பிக்கிறது, வெள்ளாங்குருகின் குஞ்சைக் காணப் போன நாரை. அந்த நாரை ஒரு பாட்டில் காலை வைக்கும்போது நெய்தல் பூ கண் விழித்தாற்போல் மலர்கிறது, அடுத்தடுத்த பாட்டுகளில் வேறு வேறு பாதையில் கதை போகிறது. ஒரே தொடக்கத்தைக் கையில் கொடுத்து, இதிலிருந்து பத்து வழி கண்டுபிடி என்று தனக்குத் தானே சவால் வைத்துக்கொண்ட கவிஞர் அம்மூவனார்.

எங்கள் பருவத்தில் நடந்ததற்கு இதுதான் விளக்கம். முதல் வாரங்களில் பலர் ஏழு தீவு, மூன்று அரச வம்சம், பாதி வரைந்த வரைபடம் என்று வந்தார்கள். அந்த உலகங்களில் யார் என்ன சாப்பிடுகிறார்கள், காலையில் எந்தச் சத்தத்துக்குக் கண் விழிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. பிறகு விதியை மாற்றினோம். ராஜா வேண்டாம், பெயர் வேண்டாம், உன் கற்பனை ஊரின் கருப்பொருளை மட்டும் எழுதிக்கொண்டு வா என்றோம். அதற்குப் பிறகு வந்த எழுத்தின் தரமே வேறு. ஒரு பெண் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர்களின் பாடு முறையை எடுத்துக்கொண்டாள். ஏரியில் நல்ல இடத்தில் வலை போட இன்று யாருடைய முறை, நாளை யாருடைய முறை என்று ஊர் கூடி வைத்திருக்கிற ஏற்பாடு அது. அவள் அதைத் தண்ணீருக்குப் பதில் வெயிலுக்கு வைத்தாள். வெயில் குறைவாக விழும் ஓர் ஊர், ஒவ்வொரு வீட்டுக்கும் வெயிலில் நிற்கப் பாடு உண்டு. ஒரே ஒரு விதிதான், அதிலிருந்தே பொறாமை, தியாகம், திருட்டு, கல்யாணம் எல்லாம் கிளைத்து வந்தன. பாலைத் தயிராக்க ஒரு சொட்டு உறை மோர் போதுவது போல, உலகத்தை உறைய வைக்க உண்மையான வழக்கம் ஒன்று போதும்.

அதற்காகப் பழைய பட்டியலையே நகலெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திணைகள் ஒன்றோடொன்று கலக்கலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது, ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் இன்னொரு நிலத்தில் வந்தால் தள்ளிவிடச் சொல்லவில்லை. நம் நெய்தலில் வந்து கலந்திருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். வடசென்னை அனல் மின்நிலையம், 2001ல் திறந்து இன்று காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றிருக்கும் எண்ணூர்த் துறைமுகம், அங்கிருந்து நிலக்கரி வந்து சேரும் கன்வேயர், சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழியில் பரவிய எண்ணெய். பறைக்குப் பதில் சைரன். எற்பாட்டு நேரத்தில் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு ஓடுகிறவர்கள். இவை கருப்பொருள் இல்லை என்றால் வேறு எது? உரிப்பொருள் மட்டும் மாறவே இல்லை. 2017ல் கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் இந்தக் கழிக்காகத்தான், அதில் ஓடுவதும் இரங்கல்தான்.

அதனால் பருவத்தின் கடைசிச் சவாலை அம்மூவனாரிடமிருந்தே எடுத்தோம். ஐங்குறுநூற்றில் 129, 130 இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1903ல் பதிப்பித்தார், அதற்குப் பிறகும் அந்த இரண்டு எண்கள் காலியாகவே நிற்கின்றன. அவை கிழவற்கு உரைத்த பத்தின் கடைசி இரண்டு. கிடைத்த எட்டிலும் தொடக்கம் ஒன்றே: கொண்கனே, உன்னவளை நாங்கள் பார்த்தோம் என்று ஒருத்தி தலைவனிடம் சொல்கிறாள். அவளை எந்த நிலையில் பார்த்தார்கள் என்பதில்தான் பாட்டுக்குப் பாட்டு வேறுபாடு. 124ஐப் படித்துக் காட்டியபோது கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பெண் மணலில் செய்த பாவையைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவளுக்குக் கோபம். நுண்மணலை அள்ளி அள்ளிப் போட்டுக் கடலைத் தூர்க்கப் பார்க்கிறாள். கழியைச் சாம்பல் தூர்ப்பதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அந்தக் குழந்தைக் கோபம் எங்கே போய்த் தைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மூவனாரின் குரலில் எழுதச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்று, இன்றைய அத்திப்பட்டில் உன்னவளை எங்கே பார்த்தோம் என்று ஆறு அடிக்குள் சொல்லச் சொன்னோம். 129க்கு நிறைய வந்தன. நர்ஸ் எழுதியதில் கொண்கன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், அவளைக் கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருக்கும்போது பார்த்தார்கள். ரயில்வேக்காரர் அவளைப் பிளாட்பாரத்தில் கூடையோடு உட்கார வைத்தார், உயிரோடு துள்ளும் நண்டு ஒன்று கூடையிலிருந்து தப்பி ஓட, அவள் சிறுமி போல அதைத் துரத்துகிறாள். நண்டைத் துரத்தி விளையாடுவது பழைய நெய்தல் பாடல்களில் அடிக்கடி வரும் விளையாட்டு என்று அவருக்குத் தெரியாது. அவர் கண்ணால் பார்த்ததை எழுதியிருந்தார்.

தம்பி 130ஐத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். பேசுகிறவள் யார், எங்கே நின்று பேசுகிறாள், அப்போது வெயில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற மூன்றையும் முதலில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.