பெரிய காமிராவா, சிறிய காமிராவா?

கல்லூரியிற் சேர்ந்த ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் படம் பிடிக்கும் ஆசை மாணவர் பலரைப் பற்றிக்கொள்கின்றது. கைபேசியிலுள்ள காமிராவே முதலிற் போதுமானதாய்த் தோன்றும். பின்னர், மரத்தின் உச்சியிலிருக்கும் பறவையையோ, ஆண்டு விழா மேடையில் மங்கிய வெளிச்சத்தில் நடிக்குந் தோழனையோ எடுக்க முயன்று ஏமாற்றமடைந்தபின், தனியே ஒரு காமிரா வேண்டுமென்னும் எண்ணம் எழும். அப்பொழுது கேட்கப்படுங் கேள்வி, "ஆரம்ப வகை டி.எஸ்.எல்.ஆர். காமிரா வாங்குவதா, சட்டைப்பையில் அடங்கும் காம்பாக்ட் காமிரா வாங்குவதா?" என்பதே. உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தையோ, பெற்றோர் சிரமப்பட்டு அனுப்பிய பணத்தையோ கொண்டு வாங்கும் பொருள் வீணாய்ப் பெட்டியிற் கிடத்தல் ஆகாது. ஆதலின் இவ்விஷயத்தை ஒருவாறு விளக்க முற்படுகின்றேன்.

டிஜிட்டல் காமிராவின் வரலாறு நீண்டதன்று. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கோடக் கம்பெனியில் ஸ்டீவன் ஸாஸன் என்னும் பொறியாளர் செய்த முதற் கருவி மூன்றரைக் கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. பதினாயிரம் புள்ளிகளாலான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை நாடாவிற் பதிய 23 வினாடிகள் பிடித்தன. 2003-இல் கானன் கம்பெனியார் 300டி என்னும் டி.எஸ்.எல்.ஆர். காமிராவை ஆயிரம் டாலருக்குட்பட்ட விலையில் வெளியிட்டனர். அதுகாறும் தொழில் முறைப் படக்காரர்களுக்கே எட்டிய கருவி, அதன்பின் சாமானிய மக்கள் கைக்கும் வந்தது.

இவ்விரு வகைகளின் அமைப்பை முதலில் அறிதல் நலம். டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸின் வழியாய் வரும் வெளிச்சம், சாய்வாய் நிறுத்தப்பட்ட ஒரு கண்ணாடியின் மேற் பட்டு மேலே திரும்புகின்றது. அங்குள்ள வேறு சிறு கண்ணாடிகள் அந்தப் பிம்பத்தை நேராக்கி நம் கண்ணுக்குக் காட்டுகின்றன. பொத்தானை அழுத்தியவுடன் சாய்ந்த கண்ணாடி மேலெழும்ப, ஷட்டர் திறந்து, பின்னாலுள்ள ஒளியுணர் தகட்டில் படம் பதிகின்றது. லென்ஸை வேண்டியபோது கழற்றி வேறொன்றை மாட்டலாம். காம்பாக்ட் காமிராவிலோ இந்தக் கண்ணாடிகள் இல்லை. லென்ஸும் உடலோடு பிணைந்தது. தகட்டில் விழும் பிம்பமே பின்புறத் திரையிற் காட்டப்படுகின்றது. கண்ணாடிகளுக்கு வேண்டிய இடம் மிச்சமாவதனால் கருவி சிறுத்துவிடுகின்றது.

கடைக்காரர் முதலிற் சொல்வது மெகாபிக்ஸல் கணக்கையேயாம். அதனால் மயங்க வேண்டுவதில்லை. கவனிக்க வேண்டியது ஒளியுணர் தகட்டின் பரப்பு. மழை நீரை ஏந்தும் பாத்திரம் எவ்வளவு அகன்றதோ அவ்வளவு நீர் சேரும். தகட்டுக்கும் இஃது ஒக்கும். நிக்கான் கம்பெனியாரின் ஆரம்ப வகை டி.எஸ்.எல்.ஆர். காமிராவான டி3500-இன் தகடு 23.5 மி.மீ. நீளமும் 15.6 மி.மீ. அகலமும் உடையது. ஸோனி கம்பெனியார் 2012-இல் வெளியிட்ட ஆர்.எக்ஸ்.100 என்னுங் காம்பாக்ட் காமிராவின் தகடு 13.2 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. அகலமுங் கொண்டது. முன்னதன் பரப்பு பின்னதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேற்பட்டது. மலிவான காம்பாக்ட் காமிராக்களிலுள்ள தகடோ 6 மி.மீ. நீளத்துக்குச் சிறிது கூடியது; அதனோடு ஒப்பிட்டால் முன்னதன் பரப்பு 13 மடங்காகும். இம்மலிவு வகை இக்காலத்துக் கைபேசியைவிடச் சிறந்த படந் தருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே காம்பாக்ட் வாங்குவோர் ஆர்.எக்ஸ்.100-இல் உள்ளதைப் போன்ற, "ஓர் அங்குலம்" என்று வழங்கும் தகடுள்ளதையே வாங்குக.

அப்படியாயின் பெரிய தகடுள்ள டி.எஸ்.எல்.ஆர். எப்பொழுதுஞ் சிறந்ததன்றோ எனின், அங்கேதான் பலரும் தவறுகின்றனர். பாத்திரத்தின் அகலம் மட்டுமன்றி, மழையின் வேகமும் கணக்கிற் சேரும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது லென்ஸின் துவாரம். அது எஃப் என்னும் எண்ணாற் குறிக்கப்படும். எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. டி3500-உடன் சேர்த்து விற்கப்பட்ட 18-55 லென்ஸின் மிகப் பெரிய துவாரம் எஃப் 3.5, ஆர்.எக்ஸ்.100-இன் லென்ஸுக்கோ எஃப் 1.8. இவ்வெண்களின் வர்க்கங்களை வகுத்துப் பார்த்தால், சிறிய காமிராவின் தகட்டில் ஒரே அளவு பரப்பின்மேல் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 3.8 மடங்கு என்பது விளங்கும். தகட்டுப் பரப்பில் மூன்று மடங்கு தோற்றது, லென்ஸில் அதனைத் திரும்பப் பெற்றுவிடுகின்றது! அகன்ற காட்சியை மங்கிய வெளிச்சத்தில் எடுக்கும்பொழுது, கூடவே கிடைத்த லென்ஸோடு நிற்கும் பெரிய காமிராவுக்குச் சிறியதைவிட மேன்மை ஒன்றுமில்லை. காட்சியை அருகில் இழுத்து எடுக்கும்பொழுது இரு லென்ஸ்களின் துவாரங்களும் குறுகுமாயினும், அங்கே மட்டும் பெரியது முந்துகின்றது.

ஆனால் அதே டி3500-இல் எஃப் 1.8 துவாரமுள்ள 35 மி.மீ. லென்ஸை மாட்டினால், தகட்டின் மூன்று மடங்கு ஆதாயமும் முழுவதுங் கிட்டும். பெரிய காமிராவின் மதிப்பு அதன் உடலிலன்று, அதற்கு நீங்கள் வாங்கப்போகும் இரண்டாவது லென்ஸிலேயே இருக்கின்றது என்பதே நான் வற்புறுத்த விரும்பும் உண்மை.

இதனை நான் புத்தகத்திற் படித்து அறிந்தேனல்லேன். மாணவனாயிருந்தபொழுது கையிலிருந்த தொகை முழுவதையுஞ் செலவிட்டு ஒரு டி.எஸ்.எல்.ஆர். வாங்கினேன், வேறு லென்ஸ் வாங்கப் பணமில்லை. கிராமத்தில் என் பாட்டியார் அந்தி வேளையில் விளக்கேற்றும்பொழுது அவர் முகத்தில் விழும் வெளிச்சத்தை எடுக்க வேண்டுமென்று இரண்டு விடுமுறைகளில் முயன்றேன். குறுகிய துவாரமுள்ள லென்ஸாதலின் ஷட்டர் நெடுநேரந் திறந்திருக்க, இரு முறையும் படம் கலங்கிப்போயிற்று. மூன்றாம் விடுமுறையில், பஸ் நெரிசலில் இச்சுமை எதற்கென்று அதை விடுதிப் பெட்டியிலேயே வைத்துச் சென்றேன். அதற்கடுத்த விடுமுறைக்குப் பாட்டியார் இல்லை. அத்தை மகன் தன் சிறிய காமிராவில் போகிற போக்கில் எடுத்த படமே இன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கின்றது. குற்றம் என் கருவியினுடையதன்று. என் தேவையை நானே ஆராயாதது.

ஆகவே வாங்குமுன் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். முதலாவது, எதை எடுக்கப் போகிறோம்? வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று மரங்களிலுள்ள கொக்கையும் நாரையையும் எடுக்க விரும்பும் விலங்கியல் மாணவருக்குப் பெரிய காமிராவும் 70-300 லென்ஸும் வேண்டும். பழைய பிலிம் கணக்கில் அந்த லென்ஸின் எட்டம் 450 மி.மீ.; ஆர்.எக்ஸ்.100-இன் எட்டம் 100 மி.மீ. மட்டுமே. பறவையின் உருவம் முன்னதில் நீளத்தில் நாலரை மடங்கு பெரிதாய் விழும். பறக்கும் பறவையையும் ஓடும் பந்தாட்டக்காரனையும் தொடர்ந்து குவிப்பதிலும் டி.எஸ்.எல்.ஆர். விரைவுடையது. உச்சி வெயிலில் பின்புறத் திரை மங்கித் தெரியாதுபோக, துளையின் வழியே பார்ப்பவருக்கு அத்தொல்லை இல்லை. மின்கலமும் நெடிது உழைக்கும், டி3500 ஒருமுறை ஏற்றிய மின்சாரத்தில் 1,550 படங்கள் வரை எடுக்குமென்று கணக்கிடப்பட்டது, ஆர்.எக்ஸ்.100-க்கு அக்கணக்கு 330.

இரண்டாவது, நாள்தோறும் சுமப்போமா? டி3500 தன் லென்ஸோடு சுமார் 620 கிராம், ஆர்.எக்ஸ்.100 சுமார் 240 கிராம். பிரயாணம், நண்பர் கூட்டம், வீட்டு விசேஷம், வீதிக் காட்சி ஆகியவற்றை எடுப்பவருக்குச் சிறியதே உத்தமம். பெரிய கருவியைக் கண்டவுடன் விறைத்து நிற்கும் முதியோரும் குழந்தைகளும் சிறியதன் முன் இயல்பாயிருப்பர்.

மூன்றாவது, பணம் எவ்வளவு? இருக்குந் தொகை முழுவதும் உடலுக்கும் கூடவரும் லென்ஸுக்குமே சரியாகிவிடுமாயின் பெரியதை நாடற்க. இரண்டாவது லென்ஸுக்கும் ஒரு பகுதியை ஒதுக்க இயலுமாயின் தாராளமாய் நாடலாம்.

காலம் மாறியிருப்பதையும் மறத்தலாகாது. 2008-இல் பானஸோனிக் கம்பெனியார் வெளியிட்ட ஜி1 முதலாகக் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் காமிராக்கள் பெருகின; பெருங் கம்பெனிகள் புதிய கருவிகளைப் பெரும்பாலும் அவ்வகையிலேயே செய்கின்றன. 2018-இல் வெளிவந்த டி3500-இன் உற்பத்தியும் நின்றுவிட்டது. கைபேசியின் வரவால் காம்பாக்ட் வகைகளுங் குறைந்தன. ஆதலின் மாணவர் பலர் பழைய கருவியையே வாங்க நேரும். அதில் இழிவொன்றுமில்லை; பரீட்சித்து வாங்கினாற் போதும். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சிலந்தி வலைபோன்ற பூஞ்சணம் உள்ளதா என்று பார்க்க. கடலோர ஈரக்காற்றில் இது எளிதிற் படரும். வெண்சுவரை எடுத்துப் படத்திற் கரும்புள்ளிகள் உளவா என்று நோக்குக. காம்பாக்டாயின் லென்ஸ் தடையின்றி நீண்டு சுருங்குகின்றதா என்று பலமுறை சோதிக்க. அது பழுதானால் வேறு மாட்ட இயலாது.

முடிவாகச் சொல்லுமிடத்து, இரண்டாவது லென்ஸ் வாங்கவும் அதைச் சுமக்கவும் உறுதியுள்ளவர் பெரியதை வாங்குக. அவ்வுறுதி இல்லாதவர் நல்ல சிறியதை வாங்கிப் பையை விட்டு அகலாது வைத்துக்கொள்க. எதை வாங்கினும், அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதனைப் பெட்டியில் விட்டுச் செல்லாதிருப்பீர்களாக.