பனங்கள்ளா, தென்னங்கள்ளா? நாக்கிலே நிறுத்திப் பார்த்த ஊரில் பதநீர்தான் பாக்கி!

சேலம்—

"காலையில இறக்கினதா, நேத்து மிச்சமா?"

"எந்தத் தோப்பு மரம்? தண்ணி எவ்வளவு ஊத்தினே?"

சேலம், நாமக்கல் பக்கம் கள்ளுக்கடை இருந்த காலத்தில் கேள்வி இப்படித்தான் பறக்கும். வாடிக்கைக்காரர் முதல் மடக்கை உடனே விழுங்கிவிட மாட்டார். நாக்கிலே நிறுத்துவார். மூக்கருகே கொண்டுபோவார். நுரையைப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவரிடம் "இது தேவலை, அது வேண்டாம்" என்று தீர்ப்பு சொல்வார். அதற்குப் பிறகுதான் அடுத்த மடக்கு!

இன்று இதே காரியம் பெங்களூரில் பெரிய நாகரிகமாக நடக்கிறது. கடைக்குள்ளேயே பீர் காய்ச்சி, அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் இடங்கள் அங்கே ஏராளம். 2011-இல் 'பியர் கிளப்' என்ற கடை அந்த நகரில் இதைத் தொடங்கி வைத்தது. கோதுமை பீர், கருப்பு பீர், கசப்பு பீர் என்று நாலைந்து சின்ன கிளாஸ்களை வரிசையாக வைப்பார்கள். இளவட்டங்கள் ஒவ்வொன்றாக மோந்து பார்க்கிறார்கள். "இதுல வாழைப்பழ வாசனை", "அதுல காப்பிக் கொட்டை வாசனை" என்று பேசிக்கொள்கிறார்கள். நண்பனுக்குச் சிபாரிசும் செய்கிறார்கள். 'கிராப்ட் பீர்' என்று இதற்குப் பெயர். தொழிற்சாலை சரக்கு அல்ல, கைப்பக்குவச் சரக்கு என்று பொருள்.

நம் பக்கத்துப் பெரிசுகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் இந்தப் பாடத்தைப் பனைமரத்தடியிலேயே படித்து முடித்தவர்கள்!

மரத்துக்கு மரம் ருசி!

கள்ளில் மூன்று ஜாதி முக்கியம். பனங்கள், தென்னங்கள், ஈச்சங்கள். பனங்கள்ளுக்கு வாசனை தூக்கல். தென்னங்கள் கொஞ்சம் மென்மை. எது உசத்தி என்று கேட்டால் ஊருக்கு ஊர் சண்டை வரும்.

ஒரே தோப்பில் இரண்டு மரத்துக் கள் ஒன்றுபோல் இருக்காது. "ஒத்தை மரத்துக் கள்" என்று தனியாக இறக்கி வாங்கியவர்கள் உண்டு. அது உடம்பைத் தேற்றும் என்பது அவர்கள் நம்பிக்கை.

நேரமும் பெரிய விஷயம். பாளையைச் சீவியதும் சொட்டுகிற சாறு வெறும் இனிப்பு. அதில் 100-க்கு 10 பங்குக்கு மேல் சர்க்கரை. காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட் கிருமி அந்தச் சர்க்கரையைத் தின்று போதையாக்குகிறது. யாரும் காய்ச்ச வேண்டாம், மருந்து போட வேண்டாம். சில மணி நேரத்தில் நுரை தள்ளும். காலையில் இனிப்பாக இருந்தது மாலையில் உறைப்பு. மறுநாள் புளிப்பு. அதற்கு மேல் விட்டால் காடி!

நல்ல கள்ளில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். ஏறக்குறைய பீர் அளவுதான். ஆனால் பீர் பாட்டிலில் மாதக் கணக்கில் தூங்கும். கள்ளுக்கு ஆயுசு ஒரு நாள். ஆகவே குடிக்கிறவர் வாயில்தான் கடைக்காரர் மானம் இருந்தது. பழசைக் கலந்தாலோ, தண்ணீரை ஊற்றினாலோ அன்றைக்கே குட்டு உடைந்துவிடும்.

ஔவையாருக்கும் தெரியும்!

இந்த ருசிப் பேச்சு நேற்று வந்தது அல்ல. தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்டவன் அதியமான். 1965 வரை சேலம் ஜில்லாவில் இருந்த ஊர் அது. அவன் இறந்தபோது ஔவையார் அழுது பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. வீரத்தில் தொடங்கவில்லை அந்தப் பாட்டு. அவன் கள்ளைப் பகிர்ந்து கொடுத்த நினைப்பில் தொடங்குகிறது!

பழந்தமிழில் பெயரும் ஒன்றா, இரண்டா? தெளிந்த கள்ளுக்குத் தேறல். நெல்லில் வீட்டிலேயே செய்ததற்குத் தோப்பி. நறவு என்று இன்னொன்று. பேர் பிரித்தவன் ருசியும் பிரித்திருப்பான் என்பதில் சந்தேகம் என்ன?

முதல் பூட்டு சேலத்துக்கு!

இத்தனை ருசி பார்த்த சேலம் ஜில்லாவுக்குத்தான் முதல் பூட்டு விழுந்தது.

1937 அக்டோபர் 1. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மாகாணத்திலேயே முதல் ஜில்லாவாகச் சேலத்தைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். அன்றைய சேலம் ஜில்லாவில் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம்.

ராஜாஜிக்கு இது சொந்த ஜில்லா. சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர், நகரசபைத் தலைவராக இருந்தவர். திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். குடியால் கூலி முழுவதும் போய், பெண்டு பிள்ளைகள் பட்டினி கிடந்ததை அந்தக் கிராமங்களில் கண்ணால் கண்டவர். அங்கிருந்தே 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் கூட நின்று உழைத்தவர் எழுத்தாளர் கல்கி.

அதற்கும் முன்பே ஒரு பெரிய சம்பவம். காங்கிரசில் இருந்த பெரியார், கள்ளுக்கு எதிராகச் சேலம் தாதம்பட்டியில் தன் சொந்தத் தோப்பில் இருந்த 500-க்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். பாளையைச் சீவாமல் விட்டாலே கள் இல்லை. மரத்தையே சாய்த்தார் என்றால் அன்றைய வேகம் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

கடைக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ள ஒரு சேதி. கள்ளுக்கடையை மூடினால் சர்க்கார் கஜானாவில் ஓட்டை விழுமே, அதை எப்படி அடைப்பது? 1939-இல் ராஜாஜி சர்க்கார் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மளிகைக் கடை பில்லில் ஏறிய வரிக்கும், பனைமரத்தில் தொங்கிய முட்டிக்கும் இப்படி ஒரு சொந்தம்!

திறப்பு, மூடல், திறப்பு!

அப்புறம் நடந்ததெல்லாம் கதவு விளையாட்டு. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1973-இல் கள்ளுக்கடை மூடல், 1974-இல் சாராயக்கடை மூடல். 1981-இல் மறுபடி திறப்பு. 1983-இல் டாஸ்மாக் கம்பெனி பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள், சாராயம் இரண்டுக்கும் தடை. 2003 நவம்பரில் சில்லறை மதுக்கடைகளையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது.

ஆக, பிராந்தி, விஸ்கி, பீர் விற்பனை சர்க்கார் கையில். மரத்துக் கள் மட்டும் குற்றம்.

கேரளத்தில் நிலைமை வேறு. வாளையாரைத் தாண்டினால் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் தின்னவே குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. நம் சேலம், நாமக்கல் மரவள்ளி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. அங்கே அதே கிழங்கு கள்ளுக்குத் தொட்டுக்கொள்ளப் போகிறது!

"கள் போதைப்பொருள் அல்ல, உணவு. அதை இறக்குவது உழவன் உரிமை" என்பது தமிழ்நாடு கள் இயக்கத்தின் வாதம். அதன் ஒருங்கிணைப்பாளர் நல்லசாமி பல ஆண்டுகளாக இதை மேடை மேடையாகச் சொல்லி வருகிறார். எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. "கடை எதுவானாலும் கூலிப் பணம் அங்கேதானே போகும்?" என்று கேட்கிறது. குடிகாரன் பெண்டாட்டி கேட்கிற கேள்வி அது. லேசில் தள்ளிவிட முடியாது.

நாக்கு மட்டும் போதாது!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். சாவு 60-ஐத் தாண்டியது. பலரைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்சுகள் சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் பறந்தன. சாராயத்தில் இருந்தது மெத்தனால். தொழிற்சாலையில் பயன்படுத்தும் விஷம். கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

இதில் ஒரு பாடம். மெத்தனாலை எப்பேர்ப்பட்ட நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. 'நான் ருசி அறிந்தவன்' என்ற ஜம்பம் அங்கே செல்லாது.

கள் மட்டும் யோக்கியமா? அதிலும் கலப்படம் உண்டு. 2025 ஜூலையில் ஐதராபாத் கூகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தார்கள். தூக்க மருந்தைக் கலந்து போதை ஏற்றுகிற அக்கிரமம் அந்தப் பக்கம் பழைய வியாதி.

அப்படியானால் அந்தக் காலத்து வாடிக்கைக்காரரைக் காப்பாற்றியது எது? நாக்கு பாதி, அறிமுகம் பாதி. இறக்கினவர் யார், மரம் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். மரத்துக்கும் வாய்க்கும் நடுவே தூரம் கம்மி. ஆள் தெரியாத சரக்கு, ஊர் தெரியாத லாரியில் வரும்போதுதான் ஆபத்தும் கூடவே ஏறி வருகிறது.

சுண்ணாம்பிலே சட்டம்!

இனி, சட்டத்துக்குப் பயப்படாமல் ருசி பார்க்க என்ன மிச்சம்? பதநீர்!

அதே மரம், அதே பாளை, அதே அரிவாள். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சாறு புளிக்காது. அது பதநீர். தடவாமல் கட்டினால் கள். ஒரு விரல் சுண்ணாம்பிலே சட்டம் தொங்குகிறது! தென்னையில் போதையில்லாத 'நீரா' இறக்கவும் 2017-இல் அனுமதி வந்தது. அப்போது முதல்வராக இருந்தவர் சேலம் மாவட்டத்து எடப்பாடி பழனிசாமி.

கள்ளில் கேட்ட கேள்விகளைப் பதநீரிலும் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஏனென்றால் சர்க்கரைத் தண்ணீரையும் சாக்ரினையும் கலந்து பதநீர் என்று தலையில் கட்டுகிற ஆசாமிகள் உண்டு. பழகியவர்கள் சொல்லும் சிபாரிசு இது:

பனம் பதநீருக்குச் சீசன் தை, மாசியில் தொடங்கி ஆனி வரைக்கும்தான். ஐப்பசி மழையில் பனம் பதநீர் என்றால் யோசியுங்கள்.

காலையில் குடியுங்கள். வெயில் ஏற ஏற, சுண்ணாம்பு போட்டதும் குணம் மாறும். நுரைத்துப் புளித்தால் விட்டுவிடுங்கள்.

நல்ல பதநீரில் இனிப்போடு பனை வாசனையும், அடிநாக்கில் லேசான சுண்ணாம்பு ருசியும் இருக்கும். வெறும் சர்க்கரை இனிப்பு மட்டும் என்றால் சந்தேகம்தான்.

ஐஸ் போட்டால் ருசி மறையும், கலப்படமும் மறையும். முதல் மடக்கு ஐஸ் இல்லாமல்.

கடைசியாக, "எந்த ஊர் மரம்ங்கண்ணா? ஏறினது யாரு?" என்று கேளுங்கள். நிஜமாக இறக்கினவர் ஊர், தோப்பு, நேரம் எல்லாம் சொல்வார். பூசி மழுப்புகிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

ஏறுகிற ஆள் எங்கே?

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். மாநிலத்தில் சுமார் 5 கோடி பனை என்று கணக்கு. 2021-இல் வேளாண்மைக்கென்று முதல் தனி பட்ஜெட் போட்டபோது 76 லட்சம் பனை விதை கொடுக்கும் திட்டம் வந்தது. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் அறிவிப்பு வந்தது.

மரத்துக்குக் காவல் கிடைத்தது. மரம் ஏறுகிறவருக்கு?

ஒரு மரத்தில் தினம் இரண்டு வேளை ஏறி இறங்க வேண்டும். பாளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினாலும் சாறு நின்றுபோகும். கால் வழுக்கினால் உயிர் போகும். பதநீர் முட்டியைக் கண்டாலும் 'கள்ளா?' என்று சந்தேகப்படுகிற ஊர் வேறு. அப்பன் ஏறிய மரத்தில் மகன் ஏறத் தயாராக இல்லை. அவன் மேல் தப்பு சொல்லவும் முடியாது.

பெங்களூரில் பீர் காய்ச்சுகிறவரின் பெயர் ருசி பார்க்கிறவர்களுக்குத் தெரிகிறது. அவரைத் தேடிப் போய்ப் பாராட்டுகிறார்கள். நம் ரோட்டோரத்தில் பதநீர் விற்கிறவரை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, ஊர்கூடக் கேட்காமல் பஸ் ஏறிவிடுகிறோம்.

கள்ளுக்கடை வேண்டுமா, வேண்டாமா என்பதைச் சர்க்காரும் கோர்ட்டும் பார்த்துக்கொள்ளட்டும். பதநீருக்குத் தடை ஒன்றும் இல்லை. அடுத்த தை மாதம் பட்டையில் ஊற்றித் தரும்போது ஒரு மடக்கு நாக்கிலே நிறுத்துங்கள். நன்றாக இருந்தால் இறக்கினவரிடமே சொல்லுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லி அனுப்புங்கள். நாலு பேர் தேடி வந்தால்தான் அவர் மறுநாளும் மரம் ஏறுவார்!