மார்பகப் புற்றுநோயும் படம் படிக்கும் கணிப்பொறியும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தை அடைகிறோம். ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் கண்டு களித்துவிட்டு மாலையில் இறங்கிவிடுகிறோம்.

சேர்வராயன் மலையின் சிற்றூர்களில் வாழ்வோருக்கு இப்பாதை அவ்வளவு எளிதன்று. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்து பாருங்கள். குளிக்கும்போது மார்பில் ஒரு சிறு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. வலி இல்லை. சேலத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பேருந்துச் செலவு வேறு. “வலிக்கவில்லையே, பழம் பறிப்பு முடியட்டும்” என்று இருந்துவிடுகிறாள். மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கும்வரை காத்திருப்பதுதான் ஆபத்து.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், 98,000 பேர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடியும். இந்த வேலையில் செயற்கை நுண்ணறிவு துணைசெய்யும் என்கிறார்கள். அது எப்படி? நம் மலைப் பெண்ணுக்கு அதனால் பயன் உண்டா?

படம் காட்டுவது என்ன?

மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே அழுத்திவைத்து, குறைந்த ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களால் எடுக்கும் படமே மேமோகிராம். இதில் கொழுப்புத் திசு கருமையாகத் தெரியும். சுரப்பித் திசு வெண்மையாகத் தெரியும். புற்றுக்கட்டியும் வெண்மைதான். சுரப்பித் திசு மிகுந்திருக்கும் இளவயதினரின் படத்தில் கட்டியைத் தேடுவது, பனிமூட்டத்தில் வெள்ளாட்டைத் தேடுவது போன்றது. சில சமயம் கட்டி தெரியாமல், உப்புத் தூவியதுபோல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் மட்டும் தெரியும். ஆயிரம் பெண்களின் படங்களைப் பார்த்தால் ஐந்தாறு பேரிடம் நோய் இருக்கலாம். அந்த ஐந்தாறைத் தேடிக் கதிரியல் மருத்துவரின் கண்கள் களைத்துப் போகின்றன.

கணிப்பொறி கற்கும் விதம்

கணிப்பொறியைத் துணைக்கு அழைப்பது புதிதன்று. 1998இலேயே அமெரிக்காவில் இதற்கான கருவிக்கு அனுமதி கிடைத்தது. எத்தகைய புள்ளி, எத்தகைய நிழல் ஐயத்துக்குரியது என்று மனிதர் வகுத்த இலக்கணத்தைக் கொண்டு அது படங்களில் குறியிட்டது. 2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு ஏமாற்றம் தந்தது. அக்கருவியைப் பயன்படுத்திய மருத்துவமனைகளில் வீண் அச்சங்கள் மிகுந்தன. நோயறியும் துல்லியமோ குறைந்தது.

இன்றைய கருவி வேறு வகையில் கற்கிறது. காப்பித் தோட்டத்திற்குப் புதிதாக வேலைக்கு வருபவருக்கு யாரும் இலக்கணம் எழுதித் தருவதில்லை. “இது பழம், இது காய்” என்று காட்டுகிறார்கள். தவறாகப் பறித்தால் திருத்துகிறார்கள். சில நாட்களில் கண் தானே பழகிவிடுகிறது. அதுபோலவே, முடிவு தெரிந்த பல்லாயிரம் படங்களைக் கணிப்பொறிக்குக் காட்டுகிறார்கள். அது ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை சொல்கிறது. திசுப் பரிசோதனையில் தெரிந்த உண்மையோடு விடை மாறுபட்டால், தன்னுள் இருக்கும் எண்ணற்ற எண்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. இப்படிப் பழகிய பின், புதிய படத்தைக் கண்டால் ஐயத்தின் அளவை மதிப்பெண்ணாகத் தருகிறது.

சுவீடனில் நடந்த சோதனை

சுவீடனில் ஒவ்வொரு படத்தையும் இரு மருத்துவர்கள் தனித்தனியே பார்ப்பது வழக்கம். அங்கு 80,033 பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய சோதனையின் முதல் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. ஒரு பிரிவில் பழைய முறை. மற்றதில் கணிப்பொறி 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டது. பத்து பெற்ற படங்களை இரு மருத்துவர்களும், ஏனையவற்றை ஒருவரும் பார்த்தனர். பழைய முறையில் ஆயிரத்துக்கு 5 பேரிடமும், கணிப்பொறி துணைசெய்த பிரிவில் 6 பேரிடமும் நோய் கண்டறியப்பட்டது. வீண் அச்சம் கூடவில்லை. படம் பார்க்கும் வேலையோ 44 விழுக்காடு குறைந்தது. இங்கும் முடிவு சொன்னவர் மருத்துவரே என்பதை மறக்கலாகாது.

மலைக்கு ஏற்றது எது?

அந்தச் சோதனை, பெண்களை முறையாக அழைத்துப் படம் எடுக்கும் நாட்டில் நடந்தது. எடுக்காத படத்தை எந்தக் கணிப்பொறியும் படிக்க முடியாது. மேலும், அயல்நாட்டுப் பெண்களின் படங்களில் பழகிய கருவி நம்மவர் படங்களில் தவறலாம். இங்கு சோதித்த பின்னரே அதனை நம்ப வேண்டும்.

எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய கருவிக்கும் முயற்சி நடக்கிறது. கீதா மஞ்சுநாத் பெங்களூரில் தொடங்கிய நிரமை நிறுவனம், உடலின் வெப்பத்தைப் படமெடுத்துக் கணிப்பொறியால் ஆராய்கிறது. கட்டிக்கு மிகுதியான இரத்தம் பாய்வதால் அவ்விடம் சற்றுச் சூடாக இருக்கலாம் என்பதே இதன் அடிப்படை. ஆயினும் வெப்பப் படம் மேமோகிராமுக்கு மாற்றாகாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது.

இவற்றைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெண்களின் மார்பகங்களைக் கையால் தடவிச் சோதித்தனர். சோதிக்கப்பட்டோரும் ஒப்பீட்டுக்கு வைத்தோருமாக ஒன்றரை இலட்சம் பெண்கள் ஆய்வில் இருந்தனர். இருபது ஆண்டு முடிவு 2021இல் வெளியாயிற்று. சோதிக்கப்பட்டோரில் ஐம்பதும் அதற்கு மேலும் வயதானவர்களிடையே இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. இளையோரிடம் அப்பயன் தெரியவில்லை. 30 முதல் 65 வயதுவரை உள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இச்சோதனை வேண்டும் என்று இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டியும் கூறுகிறது.

ஆகவே முதலில் மலையேற வேண்டியது பயிற்சி பெற்ற கை. அது ஐயப்படும் பெண்ணுக்குச் சேலத்தில் விரைவாகப் படம் எடுத்து, அன்றே விடை சொல்லி அனுப்பக் கணிப்பொறி உதவினால், அவளுக்கு இன்னொரு நாள் கூலி மிஞ்சும். அதுவே அக்கருவியால் அவள் பெறும் உண்மையான பயன்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெண்களிடம் இதைச் சொல்லுங்கள்: மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வலிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், நாமல்ல.