கழிவும் கச்சாப் பொருளே

நமது அங்கத்தினர்களில் பருத்தி விளைவிப்போரும் உண்டு. துணி நெய்வோரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் இடையே நிற்பது நூற்பாலை. 1936-ஆம் ஆண்டில் இராஜபாளையம் மில்ஸ் தோன்றியதற்குப் பின்னர் அவ்வூரைச் சுற்றிலும் நூற்பாலைகள் பெருகின. ஆலைக்குள் செல்லும் பஞ்சு முழுவதும் நூலாக வெளிவருவதில்லை. கழிந்த பகுதி என்ன ஆகிறது என்பதை நாம் அறிதல் அவசியம்.

நயமான நூலுக்காகப் பஞ்சைச் சீவும் கோம்பர் இயந்திரம், நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை குட்டை இழைகளைப் பிரித்துத் தள்ளுகிறது. தூய்மையான இக்கழிவை வெளுத்து மருத்துவப் பஞ்சு செய்கின்றனர், ஓ.இ. இயந்திரத்தில் இட்டுப் பருமனான நூலும் நூற்கின்றனர். துண்டும் போர்வையும் நெய்ய அந்நூல் உதவும். ஆயினும் ரிங் நூலின் வலிமை அதற்கு இல்லை. ஆதலால் பாவுக்கு இடுமுன் சோதித்தல் நன்று.

கழிவின் விலை அதன் தூய்மையைப் பொறுத்தது. தணிக்கைக்குச் சென்ற சங்கம் ஒன்றில் வெள்ளை நூல் துண்டுகளும் சாய நூல் துண்டுகளும் ஒரே மூட்டையில் கிடந்தன. வியாபாரி மூட்டை முழுவதற்கும் சாயக் கழிவின் விலையையே அளித்தார். நெசவாளரின் பணம் கவனக்குறைவால் போயிற்று. நிறவாரியாகப் பிரித்திருந்தால், சாயத் துண்டுகளையும் மீண்டும் சாயமேற்றாமலே அந்நிற நூலாக நூற்கலாம். சாயச் செலவும் நீரும் மிச்சமாகும்.

சிவகாசியில் இந்தப் பிரிவினை உயிரைக் காப்பதாகவும் உள்ளது. அச்சகத்தில் வெட்டி எறியும் சுத்தமான காகிதம் மீண்டும் அட்டையாகும். வெடிமருந்து பட்ட காகிதமோ எவ்வகையிலும் மறு உபயோகத்துக்கு உரியதன்று. அதனைத் தனியே ஒதுக்கி, விதிப்படி அழித்தலே முறை. இரண்டும் ஒரே குவியலில் கலந்தால் விபத்து நேரக்கூடும்.

எனவே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. விவசாயிகள் பருத்தியைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டலாகாது. அதன் இழை பஞ்சில் கலந்தால் நூலும் கெடும், கழிவும் கெடும்.

2. நெசவாளர் வெள்ளை, சாயம், கஞ்சியிட்டது ஆகியவற்றுக்குத் தறியருகே தனித்தனிப் பை வைக்க வேண்டும்.

3. பாலியெஸ்டர் கலந்த துணியை மீண்டும் இழையாகப் பிரித்தல் கடினம். புதிய ரகம் தீர்மானிக்கும்போதே இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

4. கழிவு நூலில் நெய்த துணியை அவ்வாறே கூறி விற்க வேண்டும். மறைத்து விற்றால் சங்கத்தின் பெயர் கெடும்.

தனியொருவரின் கைப்பிடிக் கழிவுக்கு விலை இல்லை. நூறு தறிகளின் கழிவைத் தரம் பிரித்துச் சங்கம் ஒன்றாகத் திரட்டினால், விலை பேசும் வலிமை நமக்கு உண்டாகும். கூட்டுறவின் பயன் இதுவேயன்றோ!